குளிர்ந்த கால்

குதிரைகள் நின்றபடியே தூங்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் சோம்பேறி அப்படியில்லை. காலை நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டுத் தூங்குவான். விடிந்ததும் நான் தீனி வாளியைத் தட்டினால், ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொள்வான். கோப்பைகளில் பொறித்திருக்கும் அவனுடைய பெரிய பெயரை நீங்கள் படித்திருப்பீர்கள். லாயத்தில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. சோம்பேறி என்று நான் கூப்பிட்டதுதான் நிலைத்தது.

நீங்கள் கேட்டது அவன் காலைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன். கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

வந்த புதிதில் அவனுக்கு விலா எலும்பு தெரிந்தது. முதல் பந்தயத்தில் கதவு திறந்ததும் மற்றவையெல்லாம் பாய்ந்தன. இவன் நின்று கூட்டத்தை வேடிக்கை பார்த்துவிட்டுக் கடைசியாகப் போய்ச் சேர்ந்தான். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று சொன்னவன் இவனைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பான் என்று லாயமே சிரித்தது. பயிற்சியாளரை நாங்கள் பெரியவர் என்போம். விற்றுவிடலாம் என்று அவர் முதலாளியிடம் சொல்லவிருந்தார். தடுத்தவன் என் மருமகன், தங்கை மகன். அவனும் அப்போது புது ஜாக்கி, நல்ல குதிரையை யாரும் நம்பித் தராத நேரம். இவனுக்குத் தனியாக ஓடப் பயம், பக்கத்தில் ஒரு துணை இருந்தால் ஓடுவான் என்றான். அடுத்த பந்தயத்தில் இன்னொரு குதிரையின் தோளை ஒட்டியே கொண்டுவந்து, கடைசி நேர்ப்பாதையில்தான் கடிவாளத்தைத் தளர்த்தினான். சோம்பேறி ஜெயித்தான். அதற்குப் பிறகு அவன் தோற்கவே இல்லை. ஊரில் இருந்த கோப்பையெல்லாம் எங்கள் லாயத்துக்கு வந்தது.

தங்கை மகனுக்கு அப்பா முகம் நினைவில்லை. என் தோளில் வளர்ந்தவன். முதன்முதலில் அவனைக் குதிரைமேல் உட்கார வைத்ததும் நான்தான், தங்கை வேண்டாம் வேண்டாம் என்று அழுதுகொண்டிருந்தாள். நான் இருக்கும்போது உனக்கென்ன பயம் என்று சொன்னேன். அவள் அதை நம்பினாள். ஆனால் ஒருநாளும் மைதானத்துக்கு வந்து பார்த்ததில்லை. பந்தயம் முடிந்ததும் நான் போன் செய்ய வேண்டும், அதன்பிறகுதான் அவள் வாயில் தண்ணீர் படும்.

எங்கள் வேலையில் குதிரையின் கால் குளிர்ந்திருந்தால் எல்லாம் சரி. முழங்காலுக்குக் கீழே, பின்பக்கத் தசைநாரில் சூடு தெரிந்தால் உள்ளே ஏதோ கிழியத் தொடங்கிவிட்டது என்று பொருள். பெரியவர் தினமும் காலையில் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு காலையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். அவர் கைக்குச் சூடு பட்டால் அந்தக் குதிரை வெளியே போகாது, டாக்டர் வருவார். படாவிட்டால் வரமாட்டார். எங்கள் லாயத்துச் சட்டம் அவ்வளவுதான். மருமகன் அவரைக்கூட முழுதாக நம்பியதில்லை. ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால், ஏறுவதற்குமுன் என்னிடம் கேட்பான்: "கால் எப்படி மாமா?" குளிர்ச்சியா இருக்கு என்று நான் சொன்ன பிறகுதான் ஏறுவான்.

இந்தப் பருவம் முடிந்ததும் சோம்பேறியை வெளிநாட்டுப் பண்ணைக்கு அனுப்புவதாக முதலாளி முடிவு செய்திருந்தார். இனி அவன் ஓட வேண்டாம், குட்டிகளுக்கு அப்பாவாக இருந்தால் போதும். நானும் கூடப் போகிறேன் என்று மேனேஜரிடம் கேட்டேன். குதிரைக்கு மட்டும்தான் டிக்கெட் என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் அவன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை குட்டி இல்லை. அவன் போய்விட்டால் விடிந்ததும் எந்த வாளியைத் தட்டுவது என்று தெரியவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பெரிய கோப்பைப் பந்தயத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னால் இடது முன்னங்காலில் சூடு தெரிந்தது. என் கைக்குத்தான் முதலில் தெரிந்தது. பெரியவர் கைக்குத் தெரிந்திருந்தால், ஓடியது போதும் என்று அந்த வாரமே அவனைப் பண்ணைக்கு வண்டியில் ஏற்றியிருப்பார்கள். கேன்டீனில் குளிர்பானப் பெட்டியிலிருந்து ஐஸ் எடுத்துவந்து வாளியில் போட்டு, பெரியவர் வருவதற்கு முன்னால் அவன் காலை அதில் இறக்கி வைத்தேன். ஒரு காலை மட்டும் வைத்தால் வித்தியாசம் தெரியும் என்பதால் நான்கையும் வைத்தேன். பிறகு துண்டால் ஈரம் போகத் துடைத்து, முடி படியும்படி பிரஷ் போட்டேன். பெரியவர் தடவிப் பார்த்து, நல்லா இருக்கான் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். தினமும் சோறு போடுகிறவனே மறைத்தால் யாரும் கிளறிப் பார்க்கமாட்டார்கள்.

அவனுக்கு வலித்ததா என்று நீங்கள் கேட்கலாம். ஐஸில் கால் மரத்துவிடும். நான் அவனைத் துன்புறுத்தவில்லை. ஒவ்வொரு நாளும் அவன் என்னோடு இன்னும் ஒரு நாள் இருந்தான், அவ்வளவுதான்.

பந்தயத்தன்றும் அப்படியே செய்தேன். குதிரைகளைச் சுற்றி நடத்தும் வளையத்தில் மருமகன் சாட்டையோடு வந்தான். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. என்னைத் தனியாக இழுத்து, சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"மாமா, ரெண்டு நாளா திரும்பும்போது இடது பக்கம் தயங்குறான். எனக்கு மனசு சரியில்ல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் ஏறல. பெரியவர் திட்டினா திட்டட்டும்."

நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவன் கையைப் பிடித்து, குனியவைத்து, அந்தக் காலின்மேல் வைத்தேன். கால் சில்லென்று இருந்தது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். சின்ன வயதில் பயந்து எழுந்து, விளக்கைப் போட்டதும் சிரிப்பானே, அதே சிரிப்பு. "நான்தான் வீணா பயந்துட்டேன்" என்றான். நான் அவன் காலைத் தாங்கி ஏற்றிவிட்டேன்.

கடைசி வளைவில் கால் முறிந்தது. பின்னால் வந்த குதிரைகளுக்கு விலக இடமில்லை. புல்லில் சோம்பேறியும் மருமகனும் கிடந்தார்கள், ஒருவன் இங்கே, ஒருவன் அங்கே. நான் வேலியைத் தாண்டி ஓடினேன். சோம்பேறியிடம்தான் ஓடினேன். யோசித்து ஓடவில்லை, கால் போன பக்கம் போனேன். அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். காலைத் தொட்டுப் பார்த்தேன், அடுப்பாகக் கொதித்தது. டாக்டர் வந்து கடைசி ஊசி போடும்வரை காதைத் தடவிக்கொடுத்தேன். அவன் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். நான் நிமிர்ந்தபோது மருமகனை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். அவன் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

அன்று நான் போன் செய்யவில்லை, நேரில் போனேன். தங்கை கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அழுது முடித்தபிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கடைசி நேரத்துல யாராவது பக்கத்துல இருந்தாங்களா அண்ணா? ரொம்ப வலிச்சுதா?"

தலை என் மடியில்தான் இருந்தது, காதைத் தடவிக்கொடுத்தேன், ஒரு தடவை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு அமைதியாக மூடிக்கொண்டான் என்று சொன்னேன். தெரிந்தேதான் சொன்னேன். அவள் என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நீ இருந்தியே, அது போதும் என்றாள். அன்று முதல் அவள்தான் எனக்குச் சாப்பாடு கொண்டுவருகிறாள். நான் சாப்பிடவில்லை என்றால் அவளும் சாப்பிடமாட்டாள்.

இவ்வளவும் பெரியவருக்காகத்தான் சொல்கிறேன். அவர் கை மரத்துவிட்டது, வயதாகிவிட்டது, லைசென்ஸைப் பிடுங்க வேண்டும் என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். அவரும் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு லாயத்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அது பாவம். அவர் கை தப்புச் செய்யவில்லை. கால் குளிர்ந்துதான் இருந்தது. மருமகனுக்கும் நான் பொய் சொல்லவில்லை, அவன் கையாலேயே தொட்டுப் பார்த்தான்.

உங்கள் விசாரணைக் காகிதத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வெளியே பெஞ்சில் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான் என் தங்கை. அவளிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். என்னை விட்டால் அவளுக்கு வேறு யாருமில்லை.