பன்னிரண்டு மாத விவசாயம்

உசிலம்பட்டியிலிருந்து மதுரை வரும் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு பையன், மடியில் சர்டிபிகேட் பை. பக்கத்தில் அவன் நண்பன். என் மகனுக்கும் வேலையில்லை. காது தானாக அங்கே போனது.

"எனக்கு வேலை கிடைச்சிருச்சு மாப்ள. எங்கம்மா வாங்கிக் குடுத்துருச்சு."

"என்னடா சொல்ற?"

"மக்கள்தொகை கணக்கெடுக்க வந்த டீச்சர், உங்க பையன் வேலை தேடுறாரான்னு கேட்டாங்க. அந்நேரம் பொண்ணு வீட்டுக்காரங்க உக்காந்திருந்தாங்க. எங்கம்மா கூசாம, விவசாயம் பாக்குறான்னுருச்சு."

"மழையே காணோம், என்ன விவசாயம்?"

"வருசத்துல எத்தன மாசம்னு கேட்டா, பன்னெண்டு மாசமும்னுச்சு! மூணு வருசமா நாயா அலையிறேன், வேலையில்லாதவன்னு எழுதக்கூட விடல."

"விடுறா, பொண்ணாச்சும் அமைஞ்சுச்சுல்ல?"

"எங்கிட்டு? விவசாயம் பாக்குற மாப்பிள்ளை வேணாம்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க."