காய்ச்சல் இல்லாத காய்ச்சல்

கீழே: ...அப்போ சாயங்காலம் வரைக்கும் அங்கேயே உட்காந்திருப்பீங்களாக்கா?

மேலே: காத்து அடங்கலைன்னா உட்காந்துதான் ஆகணும். இந்தக் கிரேன் கொக்கி ஆடுற ஆட்டத்தைப் பாத்தியா?

கீழே: பாக்குறேன். கீழ ஒரு பலகையைக் கட்டி விட்டா நல்ல ஊஞ்சல்.

மேலே: கிண்டலா? கப்பல்ல இருக்கறது ட்ரான்ஸ்ஃபார்மர் தம்பி. ஒரு ஊருக்கே வெளிச்சம் குடுக்கப் போற சாமான். இந்தக் காத்துல அதைத் தொட்டா அவ்வளவுதான்.

கீழே: அதுக்குள்ள இறங்கி வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்ல? லாரி டிரைவர் பிளாஸ்க்கோட நிக்கிறார்.

மேலே: வேண்டாம்ப்பா. ஒரு தடவை பாதியில இறங்குனதுக்கே துறைமுகம் பூரா பேசுச்சு.

கீழே: ...

மேலே: என்ன, சத்தத்தையே காணோம்? வாக்கி-டாக்கி செத்துப்போச்சா?

கீழே: இல்லக்கா. அதைப் பத்திக் கேக்கலாமா, வேண்டாமான்னு...

மேலே: கேளு. எனக்குக் கீழ நின்னு கை காட்டப் போறவன் நீ. உனக்குக் கேக்க உரிமை இருக்கு.

கீழே: நான் காதுல வாங்கினதைச் சொன்னா கோச்சுக்கக் கூடாது.

மேலே: பயந்துட்டான்னு சொன்னாங்களா?

கீழே: ஒருத்தர் அப்படி. இன்னொருத்தர்...

மேலே: குடிச்சிருந்தேன்னு.

கீழே: எல்லாம் தெரிஞ்சுதான் வெச்சிருக்கீங்க!

மேலே: மூணாவது ஒண்ணு உண்டே, அது வரலையா? புருஷன்கூட சண்டை, அந்தக் கோவத்துல இறங்கிட்டான்னு?

கீழே: அதைச் சொன்னவர்தான் இங்க பிளாஸ்க்கோட நிக்கிறார்.

மேலே: அந்த டீயை நீயே குடி.

ஆபீஸ்: ஹலோ, கிரேன். இந்த சேனல்ல நாங்களும் இருக்கோம்ங்கறது ஞாபகம் இருக்கட்டும்.

மேலே: இருக்கு சார். இப்பல்லாம் ஞாபகம் நல்லாவே இருக்கு.

ஆபீஸ்: அதுக்கில்லம்மா... நீங்க மறுபடி கிரேன் ஓட்டலாமான்னு பரிசோதனை பண்ண வந்த மேடம் என் பக்கத்துலதான் உட்காந்திருக்காங்க. நீங்க தூக்கி வைக்கிறதைப் பாத்துட்டுத்தான் முடிவு எழுதுவாங்க.

மேலே: தெரியும் சார். ஒழுங்கா வெச்சா இந்த சீட்டு. இல்லைன்னா ஸ்டோர் ரூம் நாற்காலி. மேடமும் கேக்கட்டும். மறைக்கிறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல.

கீழே: அக்கா, மேடம் கேக்குறாங்கன்னா அப்புறம் பேசிக்கலாமே...

மேலே: ஏன்? டாக்டர் எழுதிக் குடுத்ததை எல்லாம் அவங்க படிச்சாச்சு. நீதான் படிக்கல. கேளு.

கீழே: சரி... அன்னிக்கு என்னதான் ஆச்சு?

மேலே: இரும்புச் சுருள் இறக்கிட்டிருந்தோம். கப்பலோட அடி அறைக்குள்ள. சுருளைத் தூக்கிட்டேன், திருப்பிட்டேன், நேரா அறைக்கு மேல கொண்டாந்துட்டேன். அடுத்தது என்னன்னு... தெரியல.

கீழே: தெரியலைன்னா?

மேலே: தெரியலைன்னா தெரியல. கை லீவர் மேலதான் இருக்கு. எந்தப் பக்கம் தள்ளினா இறங்கும், எந்தப் பக்கம் தள்ளினா நகரும்... ஒண்ணும் வரல. இருபது வருஷமா தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அன்னிக்குக் கரும்பலகையைத் துடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சு.

கீழே: அய்யோ...

மேலே: கை தானா செஞ்சிருக்கும், அதான் விஷயமே. பழகின கை. விட்டிருந்தா எதையோ தள்ளியிருக்கும். சரியாவும் தள்ளியிருக்கலாம். ஆனா கீழ ஆளுங்க. லாம், லூம்னு எல்லாம் அங்க பேச முடியாது.

கீழே: அதனால...

மேலே: பிரேக்கைப் போட்டேன். கையை ரெண்டையும் எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன். வாக்கியில சொன்னேன், எனக்கு மண்டை வேலை செய்யல, வேற ஆளை ஏத்துங்கன்னு. அந்த ஆளு ஏறி வந்து சுருளைப் பத்திரமா ஓரமா வைக்கிற வரைக்கும் பின்னாடியே நின்னு பாத்தேன். அப்புறம்தான் இறங்கினேன்.

கீழே: கீழ நின்னவங்க யாரு என்னன்னு... தெரியுமாக்கா?

மேலே: இங்கேர்ந்து பாத்தா மஞ்ச ஹெல்மெட்டுதான்ப்பா தெரியும். மூஞ்சியா தெரியும்?

கீழே: ஆமா... அதுவும் சரிதான்.

மேலே: ஏணியில இறங்கி வந்தேன். கீழ ஒரு கூட்டம். யாரும் ஒரு வார்த்தை கேக்கல. ரெண்டு பேரு சிரிச்சாங்க.

கீழே: இருபது வருஷ வேலையில ஒருநாள்தானே...

மேலே: ஒருநாள் இல்ல தம்பி. அது அன்னிக்குத்தான் வெளிய தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடியே ஒரு வருஷமா நான் நானா இல்ல.

கீழே: எப்படி?

மேலே: காலையில எழுந்திரிக்கும்போதே ராத்திரி பூரா மூட்டை தூக்கின அசதி. கடைக்குப் போவேன், எதுக்கு வந்தோம்னு முழிச்சிட்டு நிப்பேன். காரணமே இல்லாம அழுகை. வீட்டுக்காரர் முறுக்கைக் கடிச்சா அந்தச் சத்தத்துக்குக்கூட எரிஞ்சு விழுவேன்.

கீழே: என் வீட்டுல எரிஞ்சு விழ முறுக்கே தேவையில்ல.

மேலே: நீ என்ன பண்ணியோ, யாரு கண்டா! கேளு. பொண்ணு காலேஜ்ல முதல் பரிசு வாங்கிட்டு வந்தா. எல்லாரும் குதிக்கிறாங்க. எனக்கு... ஒண்ணுமே தோணல. சந்தோஷம்னா எப்படி இருக்கும்ங்கறதே மறந்துபோன மாதிரி. அதான் பெரிய பயம்.

கீழே: டாக்டர்கிட்ட போகலையா?

மேலே: இறங்கினதுக்கு அப்புறம்தான் போனேன். மனநல டாக்டர். வெக்கப்பட்டுக்கிட்டே போனேன், முக்காடு போடாத குறை. நல்ல மனுஷர். மாத்திரை குடுத்தார். தூக்கம் வந்துச்சு, அழுகை கொஞ்சம் நின்னுச்சு. ஆனா மண்டைக்குள்ள ஒரு மூட்டம். அது மட்டும் விலகவே இல்ல.

கீழே: அப்புறம்?

மேலே: ஒருநாள் அவரு முன்னாடி தண்ணி பாட்டிலைத் திறக்கப் பாக்குறேன். திருகுறேன், திருகுறேன், மூடி வரல. அவரு பேசிட்டிருந்ததை நிறுத்திட்டாரு. காலையில விரல் மடங்குதான்னு கேட்டாரு. கேட்டதும் சிரிச்சுட்டேன். லீவர் புடிக்கிற கை சார், எல்லாருக்கும் மரத்துத்தான் போகும்னேன்.

கீழே: நிஜமாவே அப்படித்தான்னு நினைச்சீங்களா?

மேலே: சத்தியமா. சட்டை பட்டனை வீட்டுக்காரர்தான் போட்டு விடுவார். அதைக்கூட அன்புன்னு நினைச்சுட்டேன்.

கீழே: அக்கா!

மேலே: சிரிக்காத, கொக்கியைப் பாரு. ரத்தம் எடுத்து வேற ஒரு டாக்டரம்மாகிட்ட அனுப்பினார். முடக்குவாதம்னாங்க. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, எதிரியே இல்லாம என் மூட்டுகளையே அடிச்சிட்டிருந்திருக்கு. உள்ளுக்குள்ள அழற்சி. கூடவே சர்க்கரையும் எல்லையைத் தாண்ட ரெடியா நின்னுச்சு. நாள் பூரா ஒரே உட்காரல், ஷிப்ட் முடியுறதுக்குள்ள எட்டு இனிப்பு டீ... வேற என்ன ஆகும்?

கீழே: மூட்டுக்கும் மறதிக்கும் என்னக்கா சம்பந்தம்? மூட்டு முட்டியில இருக்கு, மூளை மேல இருக்கு...

மேலே: இதையேதான் நானும் கேட்டேன். அந்தம்மா என்ன கேட்டாங்க தெரியுமா? நல்ல காய்ச்சல்ல படுத்திருக்கும்போது உங்களுக்கு யார்கிட்டயாவது பேசப் பிடிக்குமான்னாங்க.

கீழே: பேசவா? போர்வையை இழுத்து மூடிட்டு, எல்லாரும் ஒழிஞ்சு போங்கன்னு இருக்கும்.

மேலே: சாப்பாடு?

கீழே: பிடிக்காது.

மேலே: கணக்குப் போடச் சொன்னா?

கீழே: காய்ச்சல் இல்லாதப்பவே வராது.

மேலே: அதான். அது கிருமி பண்றது மட்டும் இல்லையாம். உள்ள சண்டை நடக்குதுன்னு ரத்தத்துல சேதி போகுது. மூளை அதைக் கேட்டுட்டு, படு, பேசாத, எதுக்கும் ஆசைப்படாத, இருக்குற தெம்பை மிச்சம் பிடின்னு உத்தரவு போடுது. சண்டை முடிஞ்சா உத்தரவு வாபஸ். எனக்கு சண்டை முடியவே இல்ல. ஒன்றரை வருஷம் காய்ச்சல் இல்லாத காய்ச்சல்ல இருந்திருக்கேன். அதோட ஆளுங்க தலைக்கு மேல இரும்பைத் தூக்கியிருக்கேன்.

கீழே: அப்போ... அது பயம் இல்ல.

மேலே: பயமும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. என்னை நானே எவ்வளவு திட்டியிருப்பேன் தெரியுமா? திமிரு புடிச்சவளே, எழுந்திருடின்னு. அன்னிக்கு அந்தம்மா ரூம்லேர்ந்து வெளிய வந்து படிக்கட்டுல உட்காந்து அழுதேன். அந்த அழுகைக்கு மட்டும் காரணம் இருந்துச்சு.

கீழே: சர்க்கரை?

மேலே: மூளையும் எரிபொருள்ல ஓடுறதுதானே? ரத்தத்துல சர்க்கரை நிறைஞ்சு கிடந்தாலும் உடம்பு அதை ஒழுங்கா எடுத்துக்கலைன்னா அசதியும் மந்தமும்தான் மிச்சம்னாங்க. ஆனா ஒண்ணு, அந்தம்மா ரொம்ப ஜாக்கிரதை. எல்லாரோட வருத்தத்துக்கும் இதுதான் காரணம்னு போய்ச் சொல்லிடாதீங்க, உங்க விஷயத்துல இதுக்கும் ஒரு பங்கு இருக்குன்னுதான் சொல்றேன்னாங்க. மனசு மாத்திரையையும் நிறுத்தக் கூடாதுன்னு.

கீழே: இப்பவும் சாப்பிடறீங்களா?

மேலே: சாப்பிடறேனே. ரெண்டு டாக்டரும் பேசி வெச்சுக் குடுக்கிறதுதான். மனசு வேற உடம்பு வேறன்னு நான்தான் பிரிச்சு வெச்சிருந்தேன். அவங்க பிரிக்கல. மேடம், கேக்குதுல்ல? சாப்பிடறேன்.

ஆபீஸ்: ...மேடம் தலையாட்டுறாங்கம்மா.

கீழே: சரியாப் போச்சுன்னு எப்ப தெரிஞ்சுதுக்கா?

மேலே: ஊசி, மாத்திரை, நடை... மாசக்கணக்குல ஒண்ணும் தெரியல. விட்டுடலாமான்னுகூட இருந்துச்சு. ஒருநாள் காலையில சட்டையைப் போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னாடி நிக்கிறேன், பட்டன் எல்லாம் போட்டிருக்கு. நானே போட்டிருக்கேன், போட்டது தெரியாமலே. அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரர் அவரோட அரதப்பழசு ஜோக் ஒண்ணு இருக்கு, அதைச் சொன்னாரு. சிரிச்சுட்டேன்.

கீழே: அவரு?

மேலே: பயந்துட்டாரு. என்னம்மா ஆச்சு, டாக்டருக்குப் போன் போடட்டுமாங்கறாரு!

கீழே: ஹாஹா... அக்கா, வயிறு வலிக்குது.

மேலே: சிரி. ஆனா இதைக் கேட்டுக்க. இந்தத் துறைமுகத்துல என்னைவிட அதிகமா தூக்கினவங்க இருக்காங்க. எனக்கு அதுல பெருமை இல்ல. மண்டை இருண்டுபோன நேரத்துலயும், இப்ப என்னை நம்பாதீங்கன்னு வாயைத் திறந்து சொன்னேன் பாரு... நான் செஞ்சதுலயே பெரிய வேலை அதுதான். அதைத்தான் ஓடிட்டான்னு பேசினாங்க.

கீழே: ஓடினவங்க வேற ஆளுங்கக்கா.

மேலே: என்ன சொன்ன?

கீழே: ஒண்ணும் இல்ல. காத்து அடங்குது, மேல பாருங்க.

ஆபீஸ்: கிரேன், காத்து அளவுக்குள்ள வந்தாச்சு. ஆரம்பிக்கலாம். மேடம் ஜன்னல்கிட்ட வந்துட்டாங்க.

மேலே: சரி சார். தம்பி, இனிமே கதை கிடையாது.

கீழே: கதை கிடையாது. கொக்கி இறக்குங்க... இன்னும்... இன்னும்... நிறுத்துங்க. சங்கிலி நாலும் மாட்டியாச்சு. ஆளுங்க விலகியாச்சு. தூக்குங்க... மெதுவா...

மேலே: கனம் ஏறுது.

கீழே: கப்பல் தளத்தை விட்டுருச்சு. நிறுத்துங்க. ஆட்டம் பாக்குறேன்... இல்ல. தூக்குங்க.

மேலே: தூக்குறேன்.

கீழே: வலப்பக்கம் திருப்புங்க... அப்படியே... அக்கா, இடது பின் மூலை லேசா...

மேலே: பாத்துட்டேன். நிறுத்திட்டேன். அடங்கட்டும்.

கீழே: ...அடங்கிருச்சு. வாங்க. லாரிக்கு நேரா வந்தாச்சு. இறக்குங்க... ஒரு ஆள் உயரம்... முழங்கால்... ஒரு சாண்... விரலு...

மேலே: சொல்லு.

கீழே: உட்காந்துருச்சு! லாரி முணுமுணுக்கக்கூட இல்லக்கா! டிரைவர் கை தட்டுறார்!

மேலே: முறைச்சுப் பாரு அவரை, எனக்காக.

ஆபீஸ்: கிரேன்... மேடம் கையெழுத்துப் போட்டாச்சும்மா. நாளைக்குக் காலை ஷிப்ட், இதே சீட்டு. அப்புறம்... அன்னிக்கு நீங்க நிறுத்தினதைப் புதுசா சேர்ற ஆபரேட்டர்களுக்கு நீங்களே சொல்லித் தரணும்னு கேக்குறாங்க. வருவீங்களா?

மேலே: வரேன் சார். எங்க வேணா வரேன்.

கீழே: அக்கா... அழறீங்களா?

மேலே: அழறேன். காரணத்தோடதான். சங்கிலியைக் கழட்டியாச்சா?

கீழே: கழட்டியாச்சு. வேலை முடிஞ்சுது. இப்ப நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அந்தக் கப்பல் அறையில... எல்லாரும் ஓரத்துக்கு ஓடிட்டாங்க. ஒருத்தனுக்கு மட்டும் ஓட இடம் இல்ல. ரெண்டு சுருளுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு மேலேயே பாத்துட்டு நின்னான்.

மேலே: சொல்லு, கேக்குறேன்.

கீழே: அது நான்தான்க்கா. அப்போ மூட்டை இறக்குற வேலையில இருந்தேன். அந்தச் சுருள் என் தலைக்கு மேல அப்படியே நின்னுச்சு, ஒரு அசைவு இல்லாம. அதுக்கப்புறம்தான் சிக்னல் வேலை கத்துக்கிட்டேன். நீங்க திரும்ப வரீங்கன்னு தெரிஞ்சதும் ஆபீஸ்ல போய் நின்னேன், அந்த அக்காவுக்குக் கீழ என்னைத்தான் போடணும்னு. கேட்ட உடனே சரின்னுட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஆச்சரியம்.

மேலே: இதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு தம்பி? உனக்கு முன்னாடியே நான் அங்க போய் நின்னுட்டேன். அன்னிக்கு அந்தச் சுருளுக்குக் கீழ நின்ன ஆளு யாருன்னு விசாரிச்சு, உன் பேரைச் சொல்லி, அவன் கீழ நிக்கச் சம்மதிச்சா மட்டும்தான் ஏணியில கால் வெப்பேன்னு.