ஜெபினா வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனோம்

சொன்ன நேரத்துக்கு வந்து, சொல்லாத நேரம் வரை காத்திருக்கும் டெக்சாஸ் பேர்லேண்ட் நகரத் தமிழ்ப் பெருமக்களே! என் நாக்கை நம்பாமல் கையில் மணியோடு வீற்றிருக்கும் தலைவர் வாஞ்சிநாதன் அவர்களே! ஃப்ரீவே நெரிசலை நீந்தி வந்த சான்றோர்களே! சமையலையும் சம்பளத்தையும் சேர்த்தே சுமக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் போனுக்குள் குனிந்திருக்கும் செல்வங்களே! வசந்தாமணி வணங்குகிறேன்.

பட்டம் பெற்ற பிள்ளைகளைப் பாராட்ட அழைத்தீர்கள். பாராட்டத்தான் வந்தேன். ஆனால் அதற்கு முன் ஒரு துக்க வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதறாதீர்கள் அம்மா, யாரும் சாகவில்லை! யாரும் சாகாத வீட்டுக்குத்தான் நாமெல்லாம் துக்கம் விசாரிக்கப் போனோம்.

நம் தேவநேசனைத் தெரியாதவர் உண்டா? எண்ணெய் ஆலையில் இன்ஜினியர், சர்ச் பாடகர் குழுவின் தூண். அவர் மனைவி ஜோசபின், ஆஸ்பத்திரி லேபில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர். ஒரே மகள் ஜெபினா. டாக்டராக வேண்டும் என்பது அவள் கனவு. சில வருடங்களுக்கு முன், கிழக்குக் கரையில் ஒரு மாபெரும் பல்கலைக்கழகம் அவளுக்கு இடம் கொடுத்தது. அதன் பெயரைச் சொன்னால் நம்மவர் எழுந்து நிற்பார்கள். கட்டணத்தைச் சொன்னால் உட்கார்ந்துவிடுவார்கள்!

சிரிக்காதீர்கள், தேவநேசன் உட்காரவில்லை. பாடகர் குழு முழுவதற்கும் அந்தப் பெயர் பொறித்த கம்பளி ஸ்வெட்டர் ஆர்டர் பண்ணினார். டெக்சாஸில், ஏப்ரலில், கம்பளி! ஞாயிறு ஆராதனை முடிந்து சர்ச் ஹாலில் விருந்து. குழுவினர் வியர்வையில் குளித்து நிற்கிறார்கள். ஜெபினா மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் தேங்க்ஸ். பட் நான் நம்ம ஊர் காலேஜ்லயே சேர்ந்துட்டேன். ஃபுல் ஸ்காலர்ஷிப்."

ஆர்மோனியக்காரருக்கு என்ன வாசிப்பதென்று தெரியவில்லை. கை பழக்கத்தில், சாவு வீட்டில் பாடும் அடக்க ஆராதனைப் பாட்டை எடுத்துவிட்டார். குழுவும் கூடவே பாடியது. உருக்கமாக, நான்கு குரலில்!

மறுநாள் மாலை ஜோசபின் வீட்டு வாசலில் கார் நிறுத்த இடமில்லை. வந்தவர்கள் ஷூவைச் சத்தமில்லாமல் கழற்றினார்கள். சாம்பார் சாதம், எலுமிச்சை சாதம், பருப்பு வடை என்று மேசை நிறைந்தது. நானும்தான் போனேன், புளியோதரையோடு! தேவநேசன் ஸ்வெட்டரைக் கழற்றாமல் சோபாவில் சரிந்திருந்தார். நண்பர் சுந்தரராமன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தழுதழுத்தார்: "எப்படி ஆச்சு தேவநேசா? நல்லாத்தானே இருந்தா?"

ஜெபினா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "ஹூ டைட், அங்கிள்? யார் செத்தாங்க?"

"உன் எதிர்காலம்தான் கண்ணா," என்றார் சுந்தரராமன்.

அந்தப் பெண் அழவில்லை. அப்பாவின் முன் உட்கார்ந்தாள். "அப்பா, எனக்காக அம்மா முட்டி ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுட்டாங்க. வீக்எண்டும் ஷிஃப்ட் கேட்டிருக்காங்க. வீட்டு மேல இன்னொரு லோன் போடப் போறீங்க. இந்த நாலு வருஷ டிகிரி முடிஞ்சாத்தான் மெடிக்கல் ஸ்கூலே. அதுக்கு எதை விப்பீங்க?"

"அதை நாங்க பாத்துக்கறோம். அங்க படிக்காம நீ எப்படி டாக்டர் ஆவே?"

"மத்தவங்க முட்டியைச் சரி பண்ணக் கத்துக்க, எங்க அம்மா முட்டியை உடைக்கணுமாப்பா?"

தாய்மார்களே, அங்கே பதில் சொல்ல யாருக்கு வாய் இருந்தது? வாய் இருந்தவர்கள் வடை மென்றுகொண்டிருந்தார்கள்! தேவநேசனும் வேதனையில் வடை, வருத்தத்தில் வடை என்று விழுங்கினார். சற்று நேரத்தில் நெஞ்சைப் பிடித்தார். அலறியடித்துக்கொண்டு எமர்ஜென்சிக்கு ஓடினோம்.

அங்கே ப்ரியம்வதா என்ற இளம் டாக்டர் வந்தார், நம்மூர்ப் பெண். "அங்கிள், ஈசிஜி எடுக்கணும், ஸ்வெட்டரைக் கழட்டுங்க." மார்பில் இருந்த பெயரைப் பார்த்து, "அட, அங்கயா படிச்சீங்க?" என்றார்.

"இல்லம்மா. என் பொண்ணு வேண்டாம்னு சொன்ன காலேஜ்." ஸ்வெட்டரை இறுகப் பற்றிக்கொண்டார் தேவநேசன். "கழட்டறேன். முதல்ல நீங்க டிகிரி படிச்சது எந்த காலேஜ்னு சொல்லுங்க."

டாக்டர் சொன்னார். எந்தக் கல்லூரி என்று நினைக்கிறீர்கள்? ஜெபினா சேர்ந்த அதே கல்லூரி!

"அப்புறம் எப்படிம்மா டாக்டர் ஆனீங்க?"

"படிச்சேன் அங்கிள்."

ஸ்வெட்டர் கழன்றது. சோதனையில் தெரிந்தது, நெஞ்சு வலி அல்ல, வாயு!

அந்தக் கோடையிலேயே ஜோசபினுக்கு ஆபரேஷன் நடந்தது. இத்தோடு முடித்தால் கைதட்டி அனுப்புவீர்கள். ஆனால் உண்மை அவ்வளவு இனிப்பாக இல்லை, நண்பர்களே. ஜெபினா கெமிஸ்ட்ரி பரீட்சைக்கு அழுதாள். எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு எழுதி, மெடிக்கல் ஸ்கூல்களுக்கு அப்ளை பண்ணினாள். முதல் வருடம் ஒன்று விடாமல் எல்லாமே கதவைச் சாத்தின. "அப்பவே சொன்னோமே" என்று மறுபடி பாத்திரங்களோடு கிளம்பினோம். தேவநேசன் வாசலை மறித்து நின்றார். "இங்க துக்கம் எதுவும் இல்ல. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

ஏன் அவரால் அப்படி நிற்க முடிந்தது? அந்த வீட்டின் தலைமேல் புதுக் கடன் இல்லை! விழுந்த பெண்ணுக்கு எழுந்திருக்க நேரம் இருந்தது. டாக்டர்களுக்குக் குறிப்பெடுக்கும் வேலைக்குப் போனாள். நோயாளியின் பக்கத்தில் நின்று வலி என்றால் என்னவென்று பார்த்தாள். மறுபடி எழுதினாள், மறுபடி அப்ளை பண்ணினாள். இந்த வசந்தத்தில் அவளுக்கு மெடிக்கல் ஸ்கூலில் இடம் கிடைத்தது! இப்போது தட்டுங்கள் கையை!

பெற்றோர்களே, பெருமையை வாங்கக் கடன் வாங்காதீர்கள்! பிள்ளைகளே, "எவ்வளவு செலவாகும்?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள்! கூசிக் கேட்காதீர்கள், கூவிக் கேளுங்கள்! வீட்டாரின் வலி தெரிந்தவளுக்கா நோயாளியின் வலி தெரியாமல் போகும்?

என்ன சார்? கடைசி வரிசையில், கை தூக்கியவரே, சத்தமாகக் கேளுங்கள். ஜெபினா படித்த அந்தக் கல்லூரியின் பெயரா?

சொல்ல மாட்டேன் ஐயா! சொன்னால் நாளைக் காலையிலேயே அதற்கும் ஒரு கோச்சிங் சென்டர் திறந்துவிடுவீர்கள்!

பொறுமையாய்க் கேட்ட உங்கள் காதுகளுக்கும், மணியை அடிக்காமல் மனம் கனிந்த தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.