இரண்டு லெட்சுமிகளும் ஓர் என்டர் விசையும்

அவைக்குத் தலைமை ஏற்று, எங்கள் கூச்சலையெல்லாம் பொறுத்துக்கொண்டிருக்கும் ஐயா பழனியப்பன் அவர்களே! பத்துமலைப் படியேறிய கால்வலி இன்னும் தீராமலே பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் வரை வந்து சேர்ந்த பெரியோர்களே! கேரி தீவிலிருந்து காலையிலேயே பஸ் ஏறி வந்து முன்வரிசையைப் பிடித்துவிட்ட என் தாய்மார்களே! பின்னால் தே தாரிக் கோப்பையோடு நிற்கும் தம்பிமார்களே! நாற்காலி இருக்கிறது, உட்காருங்கள். உங்கள் அனைவருக்கும் இந்தப் புனிதாவின் வணக்கம்.

நான் பேச்சாளி அல்ல. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் கணினிகளைக் கட்டி மேய்ப்பவள். "பெண்களுக்கான கணினி வகுப்பைத் தொடக்கிவைத்து நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள்" என்று தலைவர் அழைத்தார். நல்ல வார்த்தைக்கு முன்னால், நான் செய்த ஒரு தவறைச் சொல்லப் போகிறேன். மறைத்துவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை.

அடையாள அட்டை இல்லாத நம்மவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். இந்த மண்ணில் பிறந்தவர்கள். இந்த மண்ணில் செம்பனைக் குலை சுமந்தவர்கள். பிறந்ததற்குக் காகிதம் இல்லையென்றால் பிறக்கவே இல்லையா? பெற்றவள் பொய்யா? பிள்ளை பொய்யா? இப்படிப்பட்ட நானூற்றுப் பன்னிரண்டு பேருக்காகக் கேரி தீவில் ஒரு முகாம், தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு முகாம் போட்டோம். சாட்சிக் கடிதங்களையும் மருத்துவமனைச் சீட்டுகளையும் ஸ்கேன் செய்து என் கணினியில் ஏற்றினோம். அடுத்த சில வாரங்களில் வெள்ளம் வந்தது. பலர் வீட்டில் மூலப் பத்திரம் சேற்றோடு போயிற்று. மிச்சம் இருந்தது என் கணினியில் இருந்த நகல் மட்டும்தான். அதற்கு இன்னொரு நகல் எடுத்து வைக்காததும் என் தவறுதான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடையாள அட்டை கேட்டு மனு கொடுக்க வேண்டிய வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் காலை. நமக்காக இலவசமாக வாதாடும் வழக்கறிஞர் ஃபர்ஹானா கணினியைத் திறந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, எல்லாப் பேரும் பாதிதான் இருக்கு. அப்பா பேரு எதையுமே காணோம். நாளைக்கு மூணு மணிக்கு சப்மிட் பண்ணணும்லா!"

என்ன ஆயிற்று? நம் பெயரை நாம் எப்படி எழுதுவோம்? சொல்லுங்கள், சத்தமாகச் சொல்லுங்கள்! ஆமாம்... லெட்சுமி ஏ/பி அய்யாவு. அய்யாவுவின் மகள் லெட்சுமி. அந்த ஏ-க்கும் பி-க்கும் நடுவே ஒரு சாய்கோடு போடுகிறோமே, யூனிக்ஸ் வகைக் கணினிக்கு அந்தக் கோட்டின் பொருள் வேறு. 'இதுவரை சொன்னது உறையின் பெயர், இனிமேல் சொல்வது உள்ளே இருக்கும் தாளின் பெயர்' என்று அது எடுத்துக்கொள்ளும். நான் எழுதிய நிரலும் மறுபேச்சு இல்லாமல் 'லெட்சுமி ஏ' என்று ஓர் உறை செய்து, 'பி அய்யாவு' என்ற தாளை அதற்குள் போட்டு மூடிவிட்டது. ஒன்றல்ல, இரண்டல்ல, நூற்றுக்கணக்கான உறைகள்! பெயரில் கோடு போடாத நாட்டுக்காரிக்கு இந்தத் தவறு வந்திருக்காது. நம் வழக்கம் தெரிந்தும் கோட்டைவிட்டேன்.

என்னோடு வேலை செய்யும் சதீஷ்குமார், தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளை, கெட்டிக்காரர். ஓடி வந்து உட்கார்ந்தார். "டென்ஷன் ஆகாதீங்கக்கா. ஒரு லூப் எழுதுறேன், எல்லாத்தையும் இழுத்து ஒரே ஃபோல்டர்ல போட்டுடலாம். அஞ்சே நிமிஷம்." விரல் என்டர் விசைக்குப் போய்விட்டது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம் தம்பி. மொதல்ல ஒத்திகை பார்ப்போம்."

அங்கே ஓர் அக்கா கையைத் தூக்குகிறார். என்ன அக்கா? ஒத்திகை யாரிடம் என்றா? நியாயமான கேள்வி. படம் பார்த்து எலியைச் சொடுக்குவது ஒரு வகை. கறுப்புத் திரையில் ஒரு வரி எழுதி வேலை வாங்குவது இன்னொரு வகை. அந்த வரியைப் புரிந்துகொண்டு கணினியிடம் எடுத்துச் சொல்வதற்குப் பெயர் ஷெல். அதில் நான் வைத்திருப்பது ஸெட் ஷெல். பாதி எழுதினால் மீதியை எடுத்துக் கொடுக்கும். எழுத்துப் பிழை விட்டால், 'இதைத்தானே சொல்ல வந்தாய்?' என்று கேட்கும். இங்கே இருப்பதையெல்லாம் அழித்துவிடு என்றால், 'நிச்சயமாகவா?' என்று நின்று கேட்கும். சிரிக்கிறீர்களே! அந்த நிதானம் நம் வீட்டில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

ஆறு மாதத்திற்கு முன் வேறொரு வேலைக்கு நான் எழுதிய வரி ஒன்று இருந்தது. முழுவதும் மறந்துபோயிற்று. மூன்றெழுத்துத்தான் நினைவு. அதைக் கொடுத்துத் தேடினேன். பழைய வரி அப்படியே வந்து நின்றது. இரண்டு நட்சத்திரக் குறி போட்டேன். எத்தனை உறைக்குள் உறை இருந்தாலும் அத்தனைக்குள்ளும் அது நுழைந்து பார்க்கும். கொத்தாகப் பெயர் மாற்றும் கட்டளையைக் கொடுத்து, 'எதையும் தொடாதே, என்ன செய்வாய் என்று மட்டும் சொல்' என்ற குறியையும் சேர்த்தேன். அதுதான் அக்கா, ஒத்திகை.

என்டர் தட்டினேன். ஷெல் மறுத்துவிட்டது!

ஏன் மறுத்தது? திரையில் எழுதியிருந்ததை ஃபர்ஹானா வாசித்தார்: இரண்டு தாள்கள் ஒரே பெயருக்கு வருகின்றன. கேரி தீவு முகாமுக்கான உறையில் ஒரு லெட்சுமி ஏ/பி அய்யாவு. தெலுக் பங்லிமா காராங் முகாமுக்கான உறையில் இன்னொரு லெட்சுமி ஏ/பி அய்யாவு. அவளும் லெட்சுமி, இவளும் லெட்சுமி. அவள் அப்பாவும் அய்யாவு, இவள் அப்பாவும் அய்யாவு! சதீஷின் வரியை ஓடவிட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? முதலில் கேரி தீவு லெட்சுமி வந்திருப்பாள். அடுத்து வந்த லெட்சுமி அவள்மீது ஏறி உட்கார்ந்திருப்பாள். சத்தம் இல்லை, எச்சரிக்கை இல்லை, ஒரு பொட்டுத் தடயம் இல்லை. வெள்ளம் ஒருமுறை அழித்தவளை நாங்கள் இரண்டாம் முறை அழித்திருப்போம். சதீஷ் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"பேசாம அந்த ஏ/பி-யையே விட்டுடலாமேக்கா? அதானே பிரச்சனை?" என்றார், பாவம், நல்லெண்ணத்தோடுதான். எனக்குக் கோபம் வந்தது. "பேரு என்னய்யா பண்ணுச்சு? தப்பு பண்ணது என் நிரல். அப்பா பேரை ஏன் வெட்டணும்?" என்றேன்.

மேல் அம்புக்குறியைத் தட்டி அதே வரியை மீட்டேன். ஊரின் பெயரை முன்னால் சேர்த்தேன். கணினிக்குள் மட்டும் சாய்கோட்டுக்குப் பதில் ஒரு சிறு கோடு. மறுபடி ஒத்திகை. நானூற்றுப் பன்னிரண்டு வரியையும் மூன்று பேரும் விரல் வைத்து வாசித்தோம். பிறகு ஒத்திகைக் குறியை எடுத்தேன். என்டர்! மூச்சு விடும் நேரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேரும் தகப்பன் பெயரோடு வந்து நின்றார்கள். ஃபர்ஹானா அழுதுவிட்டார். மறுநாள் மூன்று மணிக்கு மனு உள்ளே போயிற்று.

தாய்மார்களே, இதைக் கேளுங்கள். மறுக்கத் தெரிந்தது அந்த ஷெல்லுக்கு. ஆனால் மறுத்ததும் நின்று, இவள் வேறு, அவள் வேறு என்று சொல்ல அங்கே நம்மவர் ஒருவர் இருக்க வேண்டியிருந்தது. நம் பெயர் தெரியாதவர்கள் நம் பெயரைக் கணினியில் ஏற்றினால் யார் கேட்பது? எந்த லெட்சுமி காணாமல் போனாள் என்று யார் தேடுவது? நாம்தான்! நாம் படிக்க வேண்டும். நாம் எழுத வேண்டும். கட்டளை வரியை நம் கையால் எழுத வேண்டும். எழுதியதை ஒத்திகை பார்க்கும் பொறுமையும் நமக்கு வேண்டும். அதற்குத்தான் இந்த வகுப்பு. எனக்கு வயதாகிவிட்டது என்று ஒருவரும் சொல்லக்கூடாது, விடமாட்டேன்.

கேரி தீவு லெட்சுமிக்குப் போன மாதம் அடையாள அட்டை கிடைத்துவிட்டது. தட்டுங்கள், நன்றாகக் கை தட்டுங்கள்! தெலுக் பங்லிமா காராங் லெட்சுமிக்கு இன்னும் பதில் வரவில்லை. வரும்வரை நானும் ஃபர்ஹானாவும் அலுவலகப் படியேறிக்கொண்டே இருப்போம். இருவரும் இந்த வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள். இதோ, மூன்றாவது வரிசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், இடம் கொடுத்த தலைவருக்கும், கையைப் பிடித்தபோது கோபிக்காத சதீஷுக்கும் என் நன்றி. எல்லோருக்கும் மீண்டும் என் வணக்கம். இப்போது வகுப்பின் முதல் என்டர் விசையைத் தட்ட ஒருவரை அழைக்கிறேன்.

லெட்சுமி ஏ/பி அய்யாவு, மேடைக்கு வாங்கம்மா.

இரண்டு பேரும் எழுந்துவிட்டீர்களா? சரிதான். இரண்டு பேருமே வாங்க.