மூன்றாவது தோட்டா

பெரிய ரிவால்வர் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை, கூடவே ஒரு ஐஸ் பையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான். யாரும் கேட்பதில்லை.

சனிக்கிழமை எங்கள் துப்பாக்கி கிளப்புக்கு வந்து பாருங்கள், மேடம். ஒரு தடவை சுடுவார்கள். இரண்டாவது தடவை சுடுவார்கள். பிறகு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, "அருமையான துப்பாக்கி" என்று உறையில் போட்டுவிடுவார்கள். ஆறு தோட்டாவையும் ஒரே மூச்சில் சுடுகிறவர்கள் அபூர்வம். ஆனாலும் ஆளுக்கொன்று வைத்திருப்போம். அலாஸ்காவில் ஆற்றில் இறங்கி நிற்பவனுக்கு இரண்டு கையும் தூண்டிலில் இருக்கும். ரைபிளைத் தோளிலிருந்து எடுக்கும்வரை கரடி காத்திருக்காது.

பதினெட்டு வருஷமாக கிளப் ஆட்களுக்கு நான்தான் தோட்டா கட்டிக் கொடுக்கிறேன். பித்தளைக் கூடு, உள்ளே வெடிமருந்து, மேலே குண்டு. கடைசியாக ஒரு சின்ன வேலை: கூட்டின் வாயை அச்சில் கொடுத்து அழுத்தி, குண்டை இறுகப் பிடிக்கவைக்க வேண்டும். துப்பாக்கி எடை குறைவாக இருந்து தோட்டா பலமாக இருந்தால், சுடும்போது அது பின்னால் உதைக்கிற ஒவ்வொரு உதைக்கும், சுழலும் உருளையில் காத்திருக்கும் மற்ற தோட்டாக்களும் வெடுக்கென்று பின்னால் போகும். பிடிப்பில்லாத குண்டு மட்டும் கூட்டோடு சேர்ந்து போகாது. கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நீட்டிக்கொள்ளும். நீட்டியது துப்பாக்கியின் இரும்புச் சட்டத்தில் இடித்தால் உருளை சுழலாது. அப்புறம் கையில் இருப்பது வெறும் இரும்பு.

வெர்னனுடையது கடையில் இருந்ததிலேயே எடை குறைந்த மாடல்.

வெர்னன் நல்ல மனிதன். பக்கத்து வீடு. என் இடுப்பு பிடித்துக்கொண்டபோது இரண்டு குளிர்காலம் என் வாசல் பனியை அவன்தான் அள்ளிப்போட்டான். அதை உங்கள் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு யார்மீதும் அபாண்டம் சொல்லிப் பழக்கமில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், கிளப்பில் இருபது பேர் எதிரில், எனக்குத் தெரியாமல் என் ரிவால்வரில் ஒரு வெற்றுக் கூட்டைச் செருகிவிட்டான். பழைய விளையாட்டுதான். விசையை இழுத்தேன். க்ளிக். வெடிக்கவில்லை. ஆனால் வரப்போகும் உதைக்குப் பயந்து என் கை முன்கூட்டியே துப்பாக்கியைக் கீழே அமுக்கிவிட்டது. குழல் தரையைப் பார்த்துக் குனிந்தது.

"என்ன மெர்ல், சத்தமே வரல, அதுக்குள்ள சலாம் போட்டுட்டே?" என்றான் வெர்னன்.

"இன்னொரு தரம் போடச் சொல்லுப்பா, போட்டோ எடுக்கணும்," என்றான் ஒருவன்.

அன்றிலிருந்து என் பெயர் சலாம். மளிகைக் கடையில், "சலாம் வந்துட்டாரு, அவர் பாலை எடுத்து வை" என்பார்கள். சர்ச்சில் பாதிரியாரே ஒரு தடவை வாய்தவறிக் கூப்பிட்டார். வெர்னனிடம் நேராகச் சொன்னேன், அந்தப் பெயர் வேண்டாமென்று.

"அட, கோவிச்சுக்கிட்டியா? சரி விடு. இனிமே மரியாதையா சலாம் சார்னு சொல்றேன்."

நான் கோபப்படவில்லை. ஆகஸ்டில் அவன் இருபது தோட்டா கேட்டான். கட்டிக் கொடுத்தேன். மருந்தைச் சரியாக அளந்தேன். அந்தக் கடைசி அழுத்தத்தை மட்டும் கொடுக்கவில்லை.

மீன் பிடிக்கக் கிளம்பிய காலையில் என் கொட்டகைக்குப் பின்னால் சோதித்துப் பார்த்தான். அவன் மனைவி நோரீன் வண்டியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு தடவை சுட்டான். நோரீன் ஹாரன் அடித்தார். போய்விட்டார்கள்.

மத்தியானம் ஆற்றங்கரையில் குட்டிகளோடு ஒரு கரடி. வண்டியிலிருந்த நோரீனுக்கு இரண்டு வெடிச்சத்தம் கேட்டிருக்கிறது. மூன்றாவது வரவில்லை. வெர்னனின் குரல் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

தோட்டா கட்டியவரின் கவனக்குறைவு என்று உங்கள் போலீஸ் ஆய்வுக்கூடம் எழுதியிருக்கிறதாம். அதைத் திருத்தவேண்டும். பதினெட்டு வருஷத்தில் நான் கவனக்குறைவாக ஒரு தோட்டாகூடக் கட்டியதில்லை.

ஆனால் நான் வந்தது அதற்காக அல்ல. நோரீனுக்காக. பதினொரு நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று மக்ரோனி செய்து எடுத்துப்போனேன். தட்டைத் தொடவில்லை.

"நான் ஹாரன் அடிக்காம இருந்திருந்தா ஆறையும் சுட்டுப் பாத்திருப்பாரு, சலாமண்ணே. அப்பவே கோளாறு தெரிஞ்சிருக்கும். அவசரப்படுத்தி நானே கொன்னுட்டேன்," என்றார்.

கேட்கவே கஷ்டமாக இருந்தது. ஒரு பெண் செய்யாத தப்பைச் சுமக்கக்கூடாது.

வெர்னனுக்கு நான் வாய்ப்புக் கொடுத்தேன் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். மூன்றாவது தடவை விசையை இழுத்திருந்தால் துப்பாக்கி அங்கேயே சிக்கியிருக்கும். என்னை நாலு வார்த்தை திட்டிவிட்டு வேறு தோட்டா கொண்டுபோயிருப்பான். முடிவை அவனிடமே விட்டேன். அவன் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறவன் என்பது ஊருக்கே தெரியும்.

அன்றைக்கு நிறுத்தவில்லை. அதுதான் விஷயம். மூன்றாவதுக்கும் குறிபார்த்தான். விரல் விசைக்குப் போனது. "போதும்ப்பா, நான் கட்டுனது. சந்தேகமா?" என்று சொல்லி அவன் கையைப் பிடித்துத் தாழ்த்தியது நான்தான். ரிவால்வரை வாங்கி, மிச்சமிருந்த நான்கையும் எடுத்துவிட்டு, அதே பெட்டியிலிருந்து புதிதாக ஆறு போட்டுக் கொடுத்தேன். இதோ, அந்த நான்கு. நகக்கனம் அளவுக்குக் குண்டு வெளியே வந்திருக்கிறது, பாருங்கள்.

ஹாரன் அதற்குப் பிறகுதான் கேட்டது. நோரீனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், மேடம். பாவம், நிம்மதியாகத் தூங்கட்டும்.