கேஸ் முடியட்டுமாம்

“ஹலோ... ஹலோ, இருங்க... மெஷின் சத்தம், ஒண்ணும் கேக்கல. வெளிய வர்றேன், வச்சிராதீங்க.”

மலேசியாவின் சுங்கை பெசார் நெல் ஆலையில் சாக்கு தைத்துக்கொண்டிருந்த தனேஸ்வரி, கழுத்தெல்லாம் உமித்தூளோடு பின்கதவு வழியாக ஓடிவந்தாள். அழைத்தது வக்கீல் விமலா. மூன்று வருடமாக விசாரணைக் கைதியாகச் சிறையில் கிடக்கும் தம்பி புனிதனுக்காக வாதாடுகிறவர். இன்றுதான் அப்பீல் கோர்ட்டில் தேதி.

“ஆங், சொல்லுங்க மேடம்... ஆமா... ஆமா... என்னா ஆச்சு?... தள்ளிட்டாங்களா? எந்தத் தேதிக்கு?... ஓ. அப்பீலையே தள்ளிட்டாங்களா.”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

புனிதன் ஓட்டிய லோரியில், மீன் பெட்டிகளுக்கு அடியில், போதைப்பொருள் பை ஒன்று இருந்தது. பை தன்னுடையதுதான் என்று பிடிபட்ட அன்று போலீஸிடம் அவன் சொன்னதாக ஒரு வாக்குமூலம். அடித்து வாங்கினார்கள் என்று அவன் கூண்டில் நின்று சொன்னான். நீதிபதி நம்பவில்லை. அவனாக விரும்பிக் கொடுத்ததுதான், வழக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பாதி விசாரணையில் உத்தரவு போட்டுவிட்டார். அந்த உத்தரவை எதிர்த்துத்தான் அப்பீல்.

“அடிச்சாங்களா இல்லையான்னாச்சும் கேட்டாங்களா?... அந்தக் கேள்விக்குள்ளயே போகலயா? பத்து நிமிசத்துலயா முடிஞ்சிருச்சு?... புரியல மேடம், மெதுவா சொல்லுங்க... ம்... ம்... நடுவுல போட்ட உத்தரவுக்கு அப்பீல் கெடையாது. கேஸு முடியட்டும்ங்கிறாங்க... சரி, சரி. அப்ப எப்பதான் கேப்பாங்க?... குத்தவாளின்னு தீர்ப்பு வந்தா. வந்த பொறவு... ஐயோ மேடம், தூக்குன்னு எழுதுன பொறவா அந்த வாக்குமூலம் சரியா தப்பான்னு பாப்பாங்க?... புரியுது லா. ஒவ்வொரு உத்தரவுக்கும் மேல போயிட்டிருந்தா கேஸு முடியவே முடியாது. நல்ல நியாயந்தான். எந்தம்பி கதை முடிஞ்சாப் பரவால்ல, இல்ல?”

குரல் உயர்ந்துவிட்டது. அரிசி ஏற்ற வந்த லோரிக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவள் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

“தெரியும்... ஆமா, சொன்னீங்க. மொதல்லயே சொன்னீங்க, இது நிக்காதுன்னு. நாந்தான் கேக்கல.”

புனிதனும் சொன்னான். ‘விடுக்கா, கேஸ நடத்தி முடிப்போம்’ என்று சிறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கெஞ்சினான். ‘பொய்ய ஒத்துக்கிட்டு எப்படிறா உக்காந்திருக்கிறது?’ என்று இவள்தான் கத்திவிட்டு வந்தாள். அப்பீல் முடியட்டும் என்று நீதிபதி விசாரணையை நிறுத்தி வைத்தார். அதோடு எட்டு மாதம் போயிற்று.

“பன்னெண்டாம் தேதியா? மறுபடியும் ஆரம்பிக்கிறாங்களா?... வர்றேன் மேடம், கண்டிப்பா... யாரு? இருசப்பன் மாமாவா?”

தனேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். லோரியில் பெட்டி ஏற்றுகிறவர் இருசப்பன். லோரி முதலாளியின் ஆள் அந்தப் பையைக் கொண்டுவந்து வைத்ததைக் கண்ணால் பார்த்தவர். புனிதனுக்கு இருந்த ஒரே சாட்சி.

“மேடம்... அவரு இல்ல மேடம்... இல்ல, வேலைய விட்டுப் போகல. செத்துப்போயிட்டாரு... போன வெள்ளிக்கெழம. நெஞ்சு வலின்னு தூக்கிட்டுப் போனாங்க, வழியிலயே... சாவுக்கு நான் போயிருந்தேன், கோலா சிலாங்கூர்லதான் எடுத்தாங்க... சொல்லியிருக்கணும், ஆமா. அப்பீல் ஜெயிச்சிட்டா அவரு தேவப்படமாட்டாருன்னு நெனச்சேன். அறிவுகெட்டத்தனமா நெனச்சேன்.”

அவள் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“ஹலோ? இருக்கீங்களா?... எழுத்துலயா? ஒண்ணும் எழுதி வாங்கலயே. கூண்டுல ஏறிச் சொன்னாப் போதும்னு நீங்கதான... இல்ல, இல்ல. உங்களக் குத்தஞ் சொல்லல. யாருக்குத் தெரியும்... எட்டு மாசம் மேடம். அதுக்குள்ள நாலு தடவ வீட்டுக்கு வந்து கேட்டாரு, ‘எப்பம்மா என்னையக் கூப்புடுவாங்க’ன்னு. கோர்ட்டுக்குப் போடணும்னு புதுச் சட்ட வாங்கி வச்சிருந்தாரு. அதப் போட்டுத்தான் எடுத்தாங்க.”

அவள் கழுத்தில் ஒட்டியிருந்த உமியைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்துவிட்டது.

“ம்... ம்... கேக்குது... அவனே மறுபடியும் கூண்டுல ஏறிப் பேசணும். வேற வழியில்ல. அவன் பேச்ச எடுத்துக்கிறதும் எடுத்துக்காததும் அந்த நீதிபதி கையிலதான். அதே நீதிபதி... சரி மேடம்.”

ஆலைக்குள்ளிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை.

“என்னா?... வேணாம், நீங்க சொல்லாதீங்க. வியாழக்கெழம பாக்கப் போறேன், நானே சொல்லிக்கிறேன்... இல்ல, ரெண்டையும் நானே சொல்றேன். மாமா செத்ததையும்... நீங்க சொன்னா அவன் கோர்ட்டத் திட்டுவான், சட்டத்தத் திட்டுவான். நான் சொன்னாத்தான் என்னையத் திட்டுவான்... திட்டட்டும் மேடம். அவன் வேணாம்னுதான் சொன்னான்... வைக்கிறேன்.”