பிரென்னன் போட்ட பயணம்

முந்தின ராத்திரி பீன்ஸ் சாப்பிடாதீர்கள். தீவுகளுக்கு ஸ்கூபா போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். இறுக்கிப் பிடிக்கிற ரப்பர் உடைக்குள் வயிறு உப்பினால் கடலுக்கடியில் என்ன பாடு என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். நீங்கள் சிரிக்கலாம், மேடம். பிரென்னனும் சிரித்தான்.

வென்ச்சுரா துறைமுகத்தில் எங்கள் முக்குளிப்புச் சங்கத்துக்கு வெகுகாலமாக நான்தான் பயணத் திட்டம் போட்டேன். எந்தத் தீவு, எந்த மாதம், எந்தப் பக்கம் நங்கூரம், யாருக்கு யார் ஜோடி, எல்லாம் என் பொறுப்பு. கெல்ப் என்கிற கடற்பாசிக் காடு ஒன்றும் பூங்கா இல்லை. பனைமர உயரத்துக்குப் பாசி எழும்பி, மேலே கூரை மாதிரி படர்ந்து கிடக்கும். தண்டுகள் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்று பார்த்தாலே நீரோட்டம் தெரிந்துவிடும். ரொம்பச் சாய்ந்திருந்தால் நான் ஆளை இறக்க மாட்டேன், படகைத் திருப்பச் சொல்லிவிடுவேன். அதற்காக என்னைத் திட்டினவர்கள் எல்லாரும் உயிரோடு வீட்டுக்குப் போய்த்தான் திட்டினார்கள்.

என் விதிகளில் ஒன்று யாருக்குமே பிடிக்காது. நங்கூரம் தூக்குமுன் பேர் கூப்பிடும்போது ஒவ்வொருவரும் வந்து முகம் காட்டி, சொந்த வாயால் பதில் சொல்ல வேண்டும். கழிப்பறையில் இருந்தாலும் வெளியே வந்தாக வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது.

பிரென்னன் பல் டாக்டர். நல்ல குரல், நல்ல சிரிப்பு, எல்லாருக்கும் பீர் வாங்கித் தருகிற கை. சேர்ந்த முதல் பயணத்திலேயே எனக்குப் பட்டப்பேர் வைத்துவிட்டான்.

“ஹெட்மாஸ்டர் வர்றாரு, பீன்ஸ ஒளிச்சு வைங்கடா” என்பான். கழிப்பறைக்குள்ளிருந்து கத்துவான்: “ஹெட்மாஸ்டர், பாதில எந்திரிச்சு வந்து உள்ளேன் ஐயா சொல்லணுமா, இல்ல முடிச்சுட்டு வரலாமா?”

படகே சிரிக்கும். எனக்குக் கோபம் வந்ததில்லை. அவனை வெறுத்தேன், அவ்வளவுதான். வெறுப்பு வேறு, கோபம் வேறு. கோபக்காரனால் ஒரு திட்டமும் ஒழுங்காகப் போட முடியாது.

போன வருடக் கூட்டத்தில், இனி யார் திட்டம் போடுவது என்று கைதூக்கச் சொன்னார்கள். பயணத் திட்டம் பிரென்னனுக்குப் போனது. அவன் முதல் வேலையாக அந்த விதியை எடுத்தான்.

“ஜோடியாத்தானே இறங்குறோம்? ஆளு வந்துட்டான்னு ஜோடி சொன்னா போதாதா? பாவம், மனுஷன நிம்மதியா ஒண்ணுக்குப் போக விடுங்கப்பா.”

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பேர் கூப்பிடுகிற வேலையை மட்டும் எனக்கு ஆறுதலுக்கு விட்டுவைத்தார்கள். கூட்டம் முடிந்ததும் பிரென்னனிடம் போய், அவனுடைய முதல் பயணத்தில் நானே ஜோடியாக வருகிறேன் என்றேன்.

“வாங்க ஹெட்மாஸ்டர், பழசையெல்லாம் தண்ணில கரைச்சுடலாம்” என்று தோளில் தட்டினான்.

அவன் தேர்ந்தெடுத்தது சான் மிகேல். அதுதான் கடைசித் தீவு, அதற்கப்புறம் வெறும் கடல். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாசி நன்றாகவே சாய்ந்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. திட்டம் அவனுடையது.

கீழே அழகாகத்தான் இருந்தது, மறைப்பானேன். நான் முன்னால் போனேன், அவன் பின்னால் வந்தான். நீண்ட நீச்சலில் அவனுக்கு இடது ஆடுசதை பிடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். பிடித்துக்கொண்டது. காட்டின் கடைசி ஓரத்தில் மேலே வந்தோம். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

“கால் சுத்தமா வரல. நீங்க போய் ரப்பர் படக அனுப்புங்க, நான் பாசியப் பிடிச்சுக்கிட்டு இங்கயே இருக்கேன்” என்றான். பிறகு, “சீக்கிரம் வாங்க ஹார்லன்” என்றான். அவன் என் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நான் படகில் ஏறியபோது குளிருக்குப் பயந்து எல்லாரும் அறைக்குள் சூப்போடு உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் நின்று பேர் கூப்பிட்டேன். கேப்டன் ரமோனா மேலேயிருந்து குரல் கொடுத்தாள்.

“பிரென்னன் எங்க? சத்தத்தையே காணோம்?”

“டாய்லெட்ல இருக்கான். நான்தான் ஜோடி, ஒண்ணாத்தான் ஏறுனோம்.”

“அப்பக் கிளம்பலாமா?”

“கிளம்பலாம்.”

தூரத்தில் ஒரு விசில் கேட்டது. எஞ்சின் போட்டதும் அதுவும் கேட்கவில்லை.

சமையல்காரர் அவனுக்கென்று ஒரு கிண்ணம் எடுத்துவைத்திருந்தார். அலை ஒத்துக்கொள்ளாமல் கீழே படுத்திருக்கிறான், எழுப்ப வேண்டாம் என்றேன். சிப்பி சூப். ஆறிக்கொண்டிருந்தது. வீணாக்குவானேன் என்று நானே குடித்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல்.

துறைமுகத்தில் அவன் மனைவி காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கடைசி ஆள் இறங்கின பிறகும் படகையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இவரு எங்கங்க?” என்று என்னிடம்தான் கேட்டாள். அப்போது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. கொஞ்சம்தான்.

மறுநாள் கண்டெடுத்தபோது பாசித் தண்டை இடுப்பில் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தானாமே. நீங்கள்தான் சொன்னீர்கள். படகைத் தவறவிட்டால் நீந்தாதே, பாசியை இடுப்பில் சுற்றிக்கொண்டு விட்ட இடத்திலேயே இரு, ஆள் குறைவது தெரிந்து தேடி வருவார்கள். புதிதாகச் சேருகிற எல்லாருக்கும் நான் சொல்லிக்கொடுப்பது அது. நான் சொன்னதில் அந்த ஒன்றை மட்டும் கேட்டிருக்கிறான்.

ஆமாம், தெரிந்தேதான் விட்டுவிட்டு வந்தேன். அவர்கள் கைதூக்கின அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். என் பயணத்தில் ஆள் செத்ததாகப் பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள், அதை மாற்றச் சொல்லுங்கள். நான் போட்ட பயணம் எதிலும் இன்றுவரை ஒரு ஆள்கூடத் தவறியதில்லை, மேடம். இது பிரென்னன் போட்டது.